தின்னர் போட்டுத் துடைத்த கீபோர்டு

ஜூன் 2, திங்கள்

பெயின்ட் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஒரு டைரி குடுத்துட்டுப் போறான். இதுவரைக்கும் கியாஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதத்தான் ஆச்சு. இன்னைக்கு ஒரு முடிவு எடுத்திருக்கேன், எழுதி வெச்சாத்தான் நானே மாறாம இருப்பேன். அந்த ரூம்ல இருக்கற கம்ப்யூட்டரை வித்துடறது.

என் மகள் காலேஜ் சேர்ந்தப்ப வாங்கிக் குடுத்தது. எங்களை ஒரு வார்த்தை கேக்காம, கூட வேலை பார்த்த பையனைப் பதிவு ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டு அவ போய் ஒரு வருஷம் தாண்டிருச்சு. ஹோசூர்ல இருக்கறதா யாரோ சொன்னாங்க. இருக்கட்டும். எனக்கு அதைத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. கம்ப்யூட்டர் சும்மா தூசி திங்குது, அந்த இடத்துல ஒரு அலமாரி வெக்கலாம். விக்கறதுக்கு இதுதான் காரணம், வேற ஒரு காரணமும் இல்ல.

வசந்தாமணிகிட்டச் சொன்னேன். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தவ நிமிந்துகூடப் பாக்கல. "உங்க இஷ்டமுங்க"ன்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த உங்க இஷ்டமுங்கவைக் கேட்டுட்டு இருக்கேன். அதுல எத்தனை வகை இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னைக்குச் சொன்னது நல்ல வகை இல்ல.

மகள் போன அன்னைக்கு வசந்தாமணியோட கையை எடுத்து என் தலை மேல வெச்சு, இனி அவகூடப் பேசமாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். மீறினா எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயம் அவளுக்கு. எனக்கு பி.பி. வேற இருக்கா, அதனால ரொம்ப ஜாக்கிரதையா இருக்கா. இன்னை வரைக்கும் ஒரு போன் பண்ணல.

ஜூன் 4, புதன்

கம்ப்யூட்டருக்கு ஆள் கிடைச்சாச்சு. அஸ்லம்னு ஒரு பையன், வேலாயுதம்பாளையத்துல ஜெராக்ஸ் கடை போடறாராம், டிக்கெட்டும் புக் பண்ணிக் குடுப்பாராம். போன்ல மரியாதையாப் பேசறார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கட்டுங்களான்னார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளிய அனுப்பறதில்லப்பா, திங்கள் வான்னு சொல்லிட்டேன்.

அதுக்குள்ள சுத்தம் பண்ணணுமே. கீழ கடை, மேல வீடுங்கறதால மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு மேல வந்தேன். கேபினெட் நெத்தியில ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் காஞ்சு பொருக்கா நிக்குது. மானிட்டர் ஓரம் பூரா ஸ்டிக்கர் பொட்டு. மூஞ்சி கழுவப் போறப்ப எங்க உக்காந்திருக்காளோ அங்கயே பொட்டை ஒட்டிட்டுப் போறது என் மகள் பழக்கம். கண்ணாடி, கதவு, ஒரு தடவை என் கல்லாப்பெட்டி. வாங்கறவர் பாத்தா என்ன நினைப்பார்? நகத்துல சுரண்டினேன், வரல. கீழ போய்ப் பெயின்ட்டைக் கரைக்கற தின்னர் எடுத்துட்டு வந்தேன்.

தின்னர் நல்லா வேலை செய்யுது. ஒரே இழுப்புல பசையோட வந்துருச்சு. அந்த உற்சாகத்துல கீபோர்டையும் ஒரு துடை துடைச்சேன். பட்டனெல்லாம் பளிச்சுன்னு ஆச்சு. எழுத்தும் போச்சு.

தலை நரைக்கற வரைக்கும் பெயின்ட் வித்தவன் நான். தின்னர் முன்னாடி எந்த அச்சும் நிக்காதுன்னு கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் சொல்றவன். வெளிய சொன்னா வாயால சிரிக்கமாட்டாங்க.

ஒரு மூலையில ரெண்டு பொட்டு மிச்சம் இருக்கு. கை வலிச்சுது, விட்டுட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அஸ்லம் கூப்பிட்டார். "அண்ணா, உள்ள இருக்கற அக்கவுண்ட்டை எல்லாம் லாக்-அவுட் பண்ணிடுங்க. போட்டோ ஏதாச்சும் வேணும்னா எடுத்து வெச்சுக்கோங்க. மத்ததை நான் ஃபார்மட் பண்ணிக்கறேன்." சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு, எதுக்குச் சரின்னேன்னே தெரியாம வந்து உக்காந்தேன்.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். எங்க கடைப் பேருதான். மாத்துன்னு அப்பவே சொன்னேன், மாத்தல. எழுத்தில்லாத கீபோர்டுல தடவித் தடவி அடிச்சு, நாலாவது தடவை திறந்துச்சு. முதல் வேலையா கீபோர்டுக்கு வழி தேடலாம்னு நெட்டைத் திறந்து, தேடற கட்டத்துல மவுஸை வெச்சேன். ஒரு எழுத்தும் அடிக்கல, அதுக்குள்ள கீழ வரிசையா வரிகள் வந்து விழுந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

ஏழாம் மாசம் கால் வீக்கம்.
ஏழாம் மாசம் பஸ்ல போலாமா.
ஹோசூர் கரூர் நேர் பஸ்.

விளம்பரமாக்கும்னு நினைச்சேன். அப்புறம் திரும்பப் படிச்சேன். தேட வந்ததை மட்டும் எப்படியோ அடிச்சு முடிச்சேன், கீபோர்டு எழுத்து தின்னர்ல அழிஞ்சா என்ன பண்றதுன்னு. கீழ போய் ரெண்டு கஸ்டமருக்கு ப்ரஷ் குடுத்தேன், ஒருத்தருக்குச் சில்லறை குடுக்க மறந்துட்டேன், அவர் திரும்பி வந்து வாங்கிட்டுப் போனார்.

அஸ்லத்துக்குப் போன் போட்டுப் பொதுவாக் கேக்கற மாதிரி கேட்டேன். "ஆமாங்ணா. ஒரே அக்கவுண்ட்னா போன்ல தேடறதெல்லாம் கம்ப்யூட்டர்லயும் காட்டும். அதனாலதான் லாக்-அவுட் பண்ணச் சொல்றேன். அப்புறம் பழைய ஆளோட சமாச்சாரமெல்லாம் புது ஆளுக்குத் தெரியுமில்லீங்களா"ன்னார்.

ஆக, ஏழு மாசம்.

நம்ம கரூருக்கு வர்ற பஸ்ஸை எதுக்குத் தேடறான்னு தெரியல. யாராவது சிநேகிதி கல்யாணமா இருக்கும்.

லாக்-அவுட் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன். மேல வலது பக்கம், அவ சின்ன போட்டோ இருக்கற வட்டத்துக்குள்ள. என் கண்ணாடி சரியில்ல. நாளைக்குப் பண்ணிக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

லாக்-அவுட்டும் ஒரு வகையில வீட்டுப் பொருளை வெளிய அனுப்பறதுதான். வெள்ளிக்கிழமை வேண்டாம்னு விட்டுட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அஸ்லம் வண்டியோட வரட்டுங்களான்னு கேட்டார். இன்னைக்கு நாள் நல்லால்லன்னேன். "எனக்கு அதெல்லாம் இல்லீங்ணா"ன்னார். எனக்கு இருக்கேப்பான்னேன். செவ்வாய்க்கிழமையும் ஆகாது. புதன்கிழமை எனக்கு ஸ்டாக் வருது. பாவம், அட்வான்ஸ் வேணா அனுப்பட்டுங்களான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன்.

இன்னைக்கு ஒரு இன்ஜினியர் சொன்ன கலரை மெஷின்ல கலக்கிக் குடுத்தேன். சந்தன மஞ்சள் கேட்டார், காவி வந்துருச்சு. நம்பர் தப்பா அடிச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. டப்பாவைத் திரும்ப எடுத்துக்கிட்டேன். காவி அடிக்க யாராச்சும் வராமலா போயிருவாங்க.

மத்தியானம் மேல போய் நானும் கொஞ்சம் தேடினேன். சும்மா பொது அறிவுக்கு. கர்ப்பத்துல கால் வீக்கம் எதனால வருது. உப்பு குறைக்கணுமா. வீக்கம் எவ்வளவு இருந்தா பயம். ஹோசூர்ல நல்ல பிரசவ டாக்டர். எழுத்தில்லாததால ஒரு வரி அடிக்க ஒரு டீ குடிக்கற நேரம் ஆகுது. சிலது தப்புத் தப்பா விழுது, ஆனாலும் அது எப்படியோ புரிஞ்சுக்குது.

திரும்பக் கட்டத்தைத் தொட்டேன். புதுசா ஒரு வரி. பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் ஹோசூர்.

தலைப்பிரசவம். அதுக்குக் கூலிக்கு ஆள் தேடறா. அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா, என்ன குடும்பம் அது, ஒருத்தருக்கும் அக்கறை இல்லையா? இங்க ஒருத்தி வேலை இல்லாம வெங்காயம் அரிஞ்சுக்கிட்டுக் கிடக்கறா.

சாப்பாடு இறங்கல. கத்திரிக்காயில காரம் ஜாஸ்தின்னு வசந்தாமணியைத் திட்டினேன். காரமெல்லாம் இல்ல.

ஜூன் 11, புதன்

ஸ்டாக் வரல, வருதுன்னு சொன்னது பொய்தான்.

இன்னைக்குப் பத்துத் தடவைக்கு மேல மாடிப்படி ஏறி இறங்கியிருக்கேன். உக்காந்தா எந்திரிக்கணும்போல இருக்கு, எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. மூணு மணிக்குப் பாத்த வரி இது.

அம்மா வீடு இல்லாம வளைகாப்பு பண்ணலாமா.

இதுக்கு அந்த மெஷின் என்ன பதில் சொல்லும்? யார் யாரோ எழுதியிருப்பாங்க, மனசுதான் முக்கியம் மாமியார் வீட்லயே பண்ணிக்கலாம்னு. அதெல்லாம் சும்மா. முதல் வளையல் பெத்தவங்க வீட்ல இருந்துதான் வரணும். கண்ணாடி வளையல், வேப்பிலைக் காப்பு, தட்டு வரிசை, அதுக்கப்புறம் பொண்ணைக் கையோட கூட்டிட்டு வரணும். நாலு சனம் பாக்க அதைச் செய்யலைன்னா அவ யாரும் இல்லாதவன்னு அர்த்தம். நான் உசுரோட இருக்கேன்.

எரிச்சலா இருக்கு. யார் மேலன்னு எழுத வரல.

படியில காலடிச் சத்தம் கேட்டுது. மானிட்டரை அணைக்கப் போய்த் தப்பான பட்டனை அமுக்கிட்டேன், வெளிச்சம் இன்னும் கூடிருச்சு. வசந்தாமணி வாசப்படியில நிக்கறா.

"விக்கறதுக்குச் சுத்தம் பண்றேன்னு சொல்லிட்டு வாரமெல்லாம் உள்ளயே உக்காந்திருக்கீங்க. என்னதான் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. அக்கவுண்ட்டு."

அவ வந்து குனிஞ்சு பாத்தா. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுக் கூட்டினா. வளைன்னா. அப்புறம் காப்புன்னா. அப்புறம் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டா. அழுவாள்னு பாத்தேன், அழல.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"போன வியாழக்கிழமை."

"எங்கிட்டச் சொல்லல."

"சத்தியம் இருக்கேன்னு..."

"பேசத்தான கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க? படிக்கக் கூடாதுன்னு வாங்கலயே." நாற்காலியை இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்துட்டா. "மேல போங்க. இன்னும் என்னென்ன தேடியிருக்கான்னு காட்டுங்க."

காட்டினேன். வேற என்ன பண்றது?

ஜூன் 13, வெள்ளி

இப்ப ரெண்டு பேரா உக்காந்து பாக்கறோம். கடையைப் பாதி நேரம் பூட்டித்தான் வெச்சிருக்கேன். நேத்து மகள் மாங்காய்த் தொக்கு செய்யறது எப்படின்னு தேடியிருந்தா. "என்கிட்டக் கேட்டா நான் சொல்லமாட்டனா"ன்னு வசந்தாமணி ஸ்க்ரீனைப் பாத்துச் சொல்றா. சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. இது பேசின கணக்குல வருமான்னு கேட்டா. வராதுன்னேன்.

"ஆடி பொறந்துட்டா வளைகாப்பு பண்ண முடியாதுங்க. ஆவணின்னா ஒம்பதாம் மாசம் ஆயிரும், பயணம் ஆகாது"ன்னா. எனக்கும் தெரியும்னேன். "தெரிஞ்சு?"ன்னா. நான் கீழ போய்ட்டேன்.

அவ கோயிலுக்குப் போன நேரத்துல தனியா ஒண்ணு தேடினேன். கோவிச்சுக்கிட்டு இருக்கற மகள்கிட்ட முதல்ல எப்படிப் பேசறது. வந்ததெல்லாம் சின்னக் குழந்தைகளைப் பத்தி. கீழ உக்காந்து கண்ணுக்கு நேரா பேசுங்கள்னு ஒருத்தன் எழுதியிருக்கான்.

ஜூன் 16, திங்கள்

அஸ்லம் சொல்லாமக் கொள்ளாம நேர்ல வந்துட்டார். வியாழக்கிழமை கடை திறப்பாம், பத்திரிகையே அடிச்சாச்சாம். "கோவிச்சுக்காதீங்ணா, இதுக்கு மேல தாங்காது. புதன் சாயங்காலம் எடுத்தே ஆகணும். இல்லன்னா வேற பாத்துக்கறேன்"னு பணிவாத்தான் சொன்னார். ஏண்டா இந்த மனுஷனை அலைய விடறேன்னு எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு.

மெஷினைப் போட்டுப் பாக்கட்டுங்களான்னு உக்காந்தார். கீபோர்டைப் பாத்துட்டு என்னைப் பாத்தார். தூசி தட்டினேன்னு சொன்னேன். "புதுசு நான் போட்டுக்கறேங்ணா"ன்னார். அப்புறம் கட்டத்தைத் தொட்டார். வரியெல்லாம் விழுந்துச்சு. நான் எட்டிப்போய்த் தடுக்கறதுக்குள்ள பாத்துட்டார். நல்ல பையன், உடனே கண்ணை எடுத்துட்டார்.

"இது உங்க பொண்ணு அக்கவுண்ட்டுங்களா?"

"ஆமா."

"இங்க இருந்து தேடினதெல்லாம் நீங்களா?"

"சும்மா. பொது அறிவுக்கு."

அவர் மவுஸைத் தள்ளி வெச்சார். "அண்ணா, ஒண்ணு சொல்லணும். அவங்க தேடறது உங்களுக்குத் தெரியற மாதிரியே, நீங்க இங்க தேடறதும் அவங்க போன்ல தெரியுமுங்க."

வசந்தாமணி காபியோட வந்தவ அப்படியே நின்னுட்டா.

எல்லாமேவான்னு கேட்டேன். எல்லாமேதாங்ணான்னார்.

கால் வீக்கம். உப்பு. பிரசவ டாக்டர். கரூர் ஹோசூர் எத்தனை மணி நேரம். வளைகாப்புக்குத் தட்டு ஒத்தைப்படையா. கண்ணாடி வளையல் அளவு எப்படிப் பாக்கறது. பி.பி. மாத்திரை போட்டுட்டுப் பஸ்ல போலாமா. கோவிச்சுக்கிட்ட மகள்கிட்ட எப்படிப் பேசறது. இதெல்லாம் வரிசையா அவ கையில, அவ போன்ல. அந்தப் பையனும் பக்கத்துல உக்காந்து படிச்சிருப்பான். என் மானம் ஹோசூர் முழுக்கப் பறக்குது.

அஸ்லம் போனதுக்கப்புறம் வசந்தாமணி காபியை என் முன்னால வெச்சா. "மகள்கிட்ட எப்படிப் பேசறதுன்னு எப்பத் தேடினீங்க?"ன்னு மட்டும் கேட்டா. காபியை எடுத்துக் குடிச்சேன். அவ என் பக்கத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா.

ஜூன் 17, செவ்வாய்

காலையில இருந்து ஒரு வரியும் வரல. பாத்துட்டுப் பாத்துட்டு வர்றேன். நேத்துச் சாயங்காலத்துல இருந்தே இல்ல.

இத்தனை நாள் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. இப்ப மட்டும் ஏன் நிறுத்தணும்? உடம்புக்கு ஏதாச்சுமா? இல்ல, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளா? பயமா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அஸ்லம் வந்துருவார். அதுக்கப்புறம் இந்தக் கட்டமும் இல்ல.

"ஏதாச்சும் அடிங்க"ன்னு வசந்தாமணி சொல்றா. "சாப்டியான்னு கேளுங்க." கை வெச்சேன். வரல. தின்னர் மேல பழி போட்டேன், எழுத்து தெரியலன்னு.

ஜூன் 18, புதன்

காலையில பல்லுகூட விளக்கல, போய்த் தொட்டேன். மேல ஒரு புது வரி.

தின்னர் பட்டா எழுத்து போகும்னு பெயின்ட் கடைக்காரருக்குத் தெரியாதா.

திரும்பத் திரும்பப் படிச்சேன். நான் அன்னைக்கு முதன்முதல்ல தேடினது அதுதான், கீபோர்டு எழுத்து தின்னர்ல அழிஞ்சா என்ன பண்றதுன்னு. அன்னைல இருந்தே பாத்திருக்கா. பாத்துச் சிரிச்சிருக்கா. வசந்தாமணியைக் கூப்பிட்டேன். என்னமோ ஏதோன்னு கரண்டியோட ஓடி வந்தா. அவளால கூட்டிப் படிக்க முடியாம நானே படிச்சுக் காட்டினேன். அவ கரண்டியைக் கீழ வெச்சுட்டு முந்தானையில மூஞ்சியைத் துடைச்சா.

"பதில் போடுங்க. போடுங்கன்னா."

போட்டேன். எழுத்துத் தெரியாமத்தான் போட்டேன், தப்போட போட்டேன். தெரியும் மறந்துட்டேன்னு.

கட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தோம். அடுப்புல பருப்பு அடிப்பிடிச்ச வாசம் வந்துச்சு, ரெண்டு பேரும் எந்திரிக்கல. வந்துச்சு.

நான் வரட்டா இல்ல நீங்க வர்றீங்களா.

கரூர் பஸ்ஸை யார் கல்யாணத்துக்குத் தேடினான்னு இப்பப் புரிஞ்சுது. என்னை மாதிரி மடையன் ஊர்ல இருக்கமாட்டான். பஸ்ல வர வேண்டாம் கால் வீங்கும், ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்னு அடிச்சேன். சரின்னு வரல. வீட்டு விலாசம் வந்துச்சு. கீழ இன்னொரு வரி, அம்மாவுக்கு வளையல் அளவு தெரியும்.

"ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க"ன்னு சொல்லிட்டு வசந்தாமணி எந்திரிச்சு என் முன்னால வந்து நின்னா. "அன்னைக்கு எந்தக் கையை எடுத்து வெச்சீங்களோ, அதே கையைத் திரும்ப எடுத்து வெய்ங்க. சத்தியம் முடிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்பத்தான் நான் போன் எடுப்பேன்." எடுத்து வெச்சேன். சொன்னேன். கையை உடனே எடுக்கல அவ, கொஞ்ச நேரம் என் தலையிலயே வெச்சிருந்தா.

சாயங்காலம் அஸ்லம் வந்தார். அவர் முன்னாலதான் அந்த வட்டத்தைத் திறந்தேன். இந்தக் கணக்கை இதிலிருந்து நீக்கவான்னு கேட்டுச்சு. நீக்குன்னு அமுக்கினேன். ஒரு நொடிதான், கட்டம் வெறுமையாயிருச்சு. "பாஸ்வேர்டு ஏதாச்சும் சிம்பிளா மாத்திக் குடுங்கண்ணா, போய் ஃபார்மட் பண்ணிக்கறேன்"னார். மாத்திக் குடுத்தேன். அவர் எழுதிக்கிட்டார், சிரிச்சார். என்னன்னு இங்க எழுதல.

வண்டியில ஏத்தறப்பதான் பாத்தேன், மூலையில இருந்த ரெண்டு பொட்டு அப்படியே இருக்கு. அஸ்லம் தின்னர் இருக்குங்களான்னு கேட்டார். இல்லன்னேன், பெயின்ட் கடை வாசல்ல நின்னுக்கிட்டு.

கடை திறப்புக்குப் போகணும் நாளைக்கு. ஒரு சுவருக்கு ஆகற காவி பெயின்ட் இருக்கு, அதைக் குடுத்துடலாம்.

ஜூன் 22, ஞாயிறு, ஹோசூர்

பஸ்ல வசந்தாமணி மடியிலயே வளையல் டப்பாவை வெச்சிருந்தா, ஒரு பள்ளத்துக்கும் கீழ வெக்கல.

கதவைத் திறந்தது அந்தப் பையன். பிரதாப். வாங்க மாமான்னான். அவன் ஒல்லியா இருக்கான், போட்டோவுல பாத்ததைவிட. உள்ள அம்மாவும் மகளும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அந்தச் சுவர்ல பெயின்ட்டுக்கு முன்னால பூசற பட்டி சரியாப் போடலன்னு பாத்துக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. மகள் என் பக்கம் திரும்பல. எனக்கு ஊருக்குத் திரும்பிடலாமான்னுகூட இருந்துச்சு.

கீழ உக்காந்து பேசணும்னு நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தானே. முட்டி வலியோட தரையில உக்காந்தேன். சோபாவுல இருந்த அவ, அப்பத்தான் என்னைப் பாத்தா.

"கம்ப்யூட்டரை வித்துட்டீங்களா?"

"ம்."

"பாஸ்வேர்டை மாத்தாமயே குடுத்துட்டீங்களா?"

"மாத்திட்டுத்தான் குடுத்தேன்."

"என்னன்னு மாத்தினீங்க?"

இந்த ஒரு வருஷமா என் வாய் அந்தப் பேரைச் சொன்னதில்ல. இந்த டைரியிலகூட எழுதல.

"கோகிலவாணி"ன்னேன்.

அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலைப் பாத்தா. அப்புறம் மெல்ல ரெண்டு காலையும் என் பக்கமா நீட்டினா. தொட்டுப் பாத்தேன். படிச்ச அளவுக்கு வீக்கம் இல்ல.